மருதோண்டி போட்ட ஜூனியர்

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கல்முனை நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சட்டத்தரணியின் காரியாலயத்தில் நடந்தது இது. பிள்ளைகள் வளர்ந்த வயதில்தான் எனக்குச் சட்டம் படிக்கும் ஆசை பிடித்தது. பட்டம் எடுத்து, சட்டக் கல்லூரிப் பரீட்சைகளையும் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். ஆனால் ஒரு சீனியரின் கீழ் பயிற்சி முடித்து, அவர் கையெழுத்து வைத்தால்தான் கறுப்புக் கோட்டுப் போடலாம். அதுவரை மச்சானின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். "லோயர் காக்கா, ரெண்டு இஞ்ச் ஆணி அரைக்கிலோ" என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். சிரிப்பை மட்டும் அடக்குவதில்லை.

அந்தக் காரியாலயத்துச் சீனியர் என்னைவிட இளையவர். தேநீர் தந்தார். என் மடியிலிருந்த சான்றிதழ்க் கோப்பைப் பார்க்கவில்லை, தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிக்கப்படா காக்கா. ஜூனியர் எண்டா ஜூனியர் மாதிரி இரிக்கணும். இந்த நரையோட எனக்குப் பின்னால நிண்டா, ஆக்கள் உங்களத்தான் சேர் எண்டு நினைப்பாங்க. தலைக்கு என்னமும் செஞ்சிட்டு திங்கக்கிழமை வாங்க, பாப்பம்."

கோபம் வந்தது. தேநீரோடு சேர்த்து விழுங்கினேன். கையெழுத்து வேண்டுமே.

கறுப்புச் சாயம் மார்க்கத்தில் கூடாது என்று பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்த தலை இது. ஆகவே மருதோண்டி. மனைவி அரைத்து அப்பிவிட்டு, "நல்லா ஊறட்டும், அப்பதான் புடிக்கும்" என்றாள். பிடித்தது. கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், செக்கச் சிவந்த தலையோடு ஒரு முதிய ஹாஜியார் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"முந்தி உங்களுக்கு வயசு குறைவு" என்றாள் மனைவி, இரக்கமே இல்லாமல்.

திங்கட்கிழமை காரியாலயத்துக்குள் நுழைந்ததும், காத்திருந்தவர்கள் எழுந்து ஸலாம் சொன்னார்கள். காணி வழக்குக்காக நிந்தவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் கதிரையை எனக்குத் தந்தார்.

"இரிங்க ஹாஜியார். நீங்க சேர்ட வாப்பாவா?"

சீனியர் அப்போதுதான் உள்ளே வந்தார். காதில் விழுந்துவிட்டது. என்னைக் கதவோரம் அழைத்தார்.

"பாத்தீங்களா காக்கா? இது சரிவராது. நீங்க ஹாட்வெயாரையே பாருங்க. அதும் ஹலாலான தொழில்தானே."

கோப்பு என் கக்கத்திலேயே இருந்தது. அதன் நாடாவைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. ஒரு சட்டப் பிரிவைக் கேட்டிருக்கலாம். ஒரு மனு எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாம். அதில் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். மயிரைப் பார்த்து மனிதனைத் தள்ளுகிறவரிடம், நாளைக்கு அந்த நிந்தவூர்ப் பெண் என்ன நியாயத்தை எதிர்பார்ப்பது?

மருதோண்டி இப்போது வெளுத்து, அடியில் நரை எட்டிப் பார்க்கிறது. கோபம் வெளுக்கவில்லை, வெளுக்க விடப்போவதுமில்லை. அக்கரைப்பற்றில் இன்னொரு சீனியர் இருக்கிறாராம். அடுத்த கிழமை இந்த இரண்டு நிறத் தலையோடுதான் அவரிடம் போகிறேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே கோப்பை அவிழ்த்து அவர் கையில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் திங்கட்கிழமை எனக்குக் கற்றுத்தந்த ஒரே சட்டம்.