குரல் போன காலையில் சஞ்சனா பேசினாள்

அந்தப் பிள்ளையின் கை முறிந்த நாளிலிருந்துதான் என் தூக்கம் போனது.

நான் பேச்சுச் சிகிச்சைப் படிப்பில் கடைசி ஆண்டு மாணவி. பிறந்து வளர்ந்தது மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில்தான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வரிசை வீட்டில். போன வருடம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே என்னிடம் ஒப்படைக்கப்பட்டவள் சஞ்சனா. ஏழு வயது. பள்ளி வாசலைத் தாண்டினால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பிடிவாதம் இல்லை. பயம் அவள் தொண்டையை இறுக்கிவிடும்.

ஒரு நாள் திடலில் விழுந்து கை முறிந்தது. யாரிடமும் சொல்லாமல் பள்ளி முடியும்வரை வலியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுடைய அம்மா வீங்கிய கையைப் பார்த்தார். மறுநாள் என்னைத் தேடி வந்து அழுதார்.

"வீட்டுல வாயே மூட மாட்டா டீச்சர். இங்க மட்டும் ஏன் இப்புடி? வேற ஸ்கூலுக்கு மாத்தணும்னு சொல்றாங்க லா. நீங்கதான் ஏதாவது செய்யணும்."

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். பட அட்டைகள், விளையாட்டுகள், ஸ்டிக்கர்கள் என்று ஒவ்வொரு வகுப்பையும் பார்த்துப் பார்த்துத் திட்டமிட்டேன். "இது என்ன? இவங்க என்ன செய்றாங்க?" என்று கேட்பேன். அவள் தரையைப் பார்ப்பாள். வாரங்கள் ஓடின. அவளுடைய கைக்கட்டைக்கூடப் பிரித்துவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. என் விரிவுரையாளர் வந்து பார்த்தபின் அவளை மாற்றுவதா என்று பள்ளி முடிவெடுக்கும் என்றார்கள். நான் உடைந்துபோனேன்.

அந்த வாரம் முழுக்க மழையும் பனிமூட்டமும். குளிர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. விரிவுரையாளர் மேடம் வரும் நாளன்று காலையில் எழுந்தால் எனக்குக் குரலே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது.

பள்ளியில் விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையில் மண்டியிட்டு ஜெபித்தேன். "அப்பா, இந்த ஒரு வகுப்புக்காவது என் குரலைக் கொடுங்க. இல்லன்னா அவகிட்ட எப்படிக் கேள்வி கேட்பேன்?" எழுந்து பேசிப் பார்த்தேன். வரவில்லை.

மேடம் மூலையில் உட்கார்ந்தார். என் நிலையைக் கண்டு, தொடரும்படி சைகை காட்டினார். பட அட்டைகளால் இனி பயனில்லை. பொம்மை லோரி ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சஞ்சனாவின் அப்பா பக்கத்து ஊர்களான திரிங்காப், கம்போங் ராஜா பக்கம் காய்கறி லோரி ஓட்டுபவர். பச்சைக் காகிதத்தைக் கசக்கி முட்டைக்கோஸ் ஆக்கி ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். லோரியைத் தள்ளிக்கொண்டு உறுமப் பார்த்தேன். 'ஹா' என்று காற்றுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். மெல்ல வந்து என் தொண்டையைத் தொட்டாள்.

"வலிக்குதா டீச்சர்?"

பள்ளியில் அவள் குரலை முதல்முறையாகக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"சுடுதண்ணி குடிங்க. அம்மா இஞ்சி போட்டுக் குடுப்பாங்க."

அந்த நேரத்தில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி கதவருகே எட்டிப் பார்த்து, "டீச்சர், என்னா வெளையாடுறீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. எனக்குப் பதிலாகச் சஞ்சனா சொன்னாள், அறை முழுக்கக் கேட்கும்படி: "டீச்சருக்குக் கொரல் இல்ல. லோரி கம்போங் ராஜா போவுது. நீயும் வந்து கோஸ் ஏத்து லா!"

என் கண்ணீர் அந்தக் காகிதக் கோஸ்மேல் விழுந்தது.

வகுப்பு முடிந்ததும் மேடம் கேட்டார்: "கேள்வியே கேக்காம ஒரு செஷன். பயப்படுற பிள்ளைக்கு இதுதான் சரி. எப்பம்மா இப்படிப் பிளான் பண்ணுனீங்க?" நான் பண்ணவில்லை என்று தலையசைத்தேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. என் கேள்விகள்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தன. என் குரலை எடுத்து என்னை அமைதிப்படுத்தியவர் கர்த்தர்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்தத் தோழியோடு, பிறகு வகுப்பாசிரியரோடு என்று படிப்படியாகப் பேசினாள். அவளை மாற்றும் பேச்சைப் பள்ளி கைவிட்டது. ஒரு நாள் வகுப்பில் தானே எழுந்து, "டீச்சர், வயிறு வலிக்குது," என்றாளாம். அதைச் சொல்லும்போது அவள் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்.

இன்றும் ஒவ்வொரு வகுப்பையும் கவனமாகத்தான் திட்டமிடுகிறேன். ஆனால் முதலில் ஜெபித்து, அவர் நடத்துவதற்கு இடம் விட்டுவைக்கிறேன். அந்தக் காலையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குரல் வேண்டும் என்று கேட்டேன். கர்த்தர் கொடுத்தார், எனக்கு அல்ல, அவளுக்கு.

கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்திருக்கிறீர்களா? எழுந்து போய்விடாதீர்கள். அவர் அதே அறையில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார். அவருக்கே எல்லாத் துதியும்.