காயாத உப்புநீர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

போன வருடம் புத்தளத்துக் கடலோரப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தோம். அவர்கள் உப்பளத்து நீரைப் போத்தலில் அனுப்பினார்கள். நாங்கள் தேயிலைத்தூளும், பிள்ளைகளின் அம்மாமார் பாடிய பாட்டுகளின் பதிவும் அனுப்பினோம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அலுமினியத் தட்டில் ஒரே அளவு நீரை ஊற்றி, காய்ந்து உப்பாக எத்தனை நாள் ஆகிறது என்று குறிக்க வேண்டும்.

அங்கே மூன்றாம் நாளே உப்பு. இங்கே பத்தாம் நாளும் தண்ணீர். பனிமூட்டம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும்; எப்படிக் காயும்?

பதினோராம் நாள் காலை தட்டில் வெள்ளை வெளேரென்று உப்பு. சந்தோஷத்தில் உடனே ‘பதினொன்று’ என்று எழுதிவிட்டேன். பிறகுதான் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியெல்லாம் கரி.

தட்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. கேட்டதும் ஒப்புக்கொண்டாள்.

“லயத்து வீட்டுக்குக் கொண்டுபோயி அடுப்புல வச்சேன் டீச்சர். இல்லாட்டி நம்ம ஸ்கூலுக்கு அரைப்பேரு போட்டுருவாங்கல்ல?”

அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். நிறை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் வேலை என்றுதான் பதிவார்கள், அதுதான் அரைப்பேர். இது போட்டியில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே நம்பியிருப்பேனா தெரியாது. அந்தப் பதினொன்றை வெட்ட எனக்கும் மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் புத்தளத்தோடு வீடியோவில் பேச வேண்டியிருந்தது. உண்மையை நான் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம், நானே சொல்றேன். அவங்க சிரிச்சா போனை வச்சிரணும்.”

மேகம் வகுப்புக்குள்ளேயே வருவதால் காயவில்லை, அடுப்பில் வைத்தேன் என்று அவள் சொன்னதும் சிரித்தார்கள்தான். போனை வைக்க என் விரல் போனது. அதற்குள் அங்கிருந்த ஒரு மாணவி, மேகம் உண்மையாகவே வகுப்புக்குள் வருமா என்று கேட்டாள். இவள் என் கையிலிருந்து போனை வாங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அந்தப் பக்கம் எல்லோரும் திரைக்கு அருகில் நெருங்கி வந்தார்கள். காற்றின் ஈரத்தை இரண்டு இடத்திலும் அளப்போமா என்று அவர்களே கேட்டார்கள்.

கூட்டறிக்கையில் எங்கள் பகுதியை அவளிடமே கொடுத்தேன்.

“அடுப்புல வச்சதையுமா டீச்சர்?”

“அதையுந்தான்.”

பத்து நாளில் காயவில்லை, பிறகு அடுப்பில் வைத்தேன் என்று எழுதி, கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள்.