கலீல் பாயிடம் மிஞ்சியிருந்த ஒரு வார்த்தை

கலீல் பாய் நேற்று இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதோடு விட எனக்கு மனசு வரவில்லை.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் லெதர் செக்கிங் செய்தவர். தோலின் கனத்தை கேஜில் வைத்துப் பார்ப்பார். குறைந்தால் "கம்மி" என்று குரல் கொடுப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்வேன். நாள் முழுக்க அதே வார்த்தை...

போன வருஷம் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரே வார்த்தைதான். கம்மி.

சாப்பிட்டீங்களா பாய்? கம்மி. தூக்கம் வருதா? கம்மி. பார்க்கப் போன கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிலர் காதருகே போய்க் கத்தினார்கள். அவருக்குக் காதா கேட்கவில்லை?

பாயின் மனைவியை நான் பாபி என்பேன். அவர்களோடு ஒருமுறை வேலூரில் ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனேன். அந்த மேடம் எங்களைக் கேட்கவில்லை, பாயையே கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. நினைக்கிறது வேற, வாயில வர்றது வேற. வார்த்தைய விடுங்க, எப்படி சொல்றாருன்னு பாருங்க."

பார்த்தேன். வெடுக்கென்று "கம்மி" என்றால் ஆமாம். "கம்ம்ம்மி" என்று இழுத்தால் இல்லை, வேண்டாம். ஒரே வாரத்தில் பழகிவிட்டது, இதற்கு மேல் ஒன்றுமில்லை!

மேடம் ஒரு அட்டையும் கொடுத்தார். 'எனக்குப் புரியும், பேச வராது, படத்தைக் காட்டிக் கேளுங்கள்' என்று எழுதி, கீழே வலியைக் காட்ட முகங்கள். பாபி அதை லேமினேட் செய்து பாயின் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மேடம் படித்த அந்த ஸ்பீச் தெரபி படிப்பில் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அப்போதுதான். அப்பா ஒரே பிடியாக நின்றார்.

"இன்னாம்மா அது, பேச சொல்லித் தர்றதுக்கு ஒரு டிகிரியா? நர்ஸிங் போ, நாலு பேருக்குத் தெரியும்."

போன வாரம் மொபைலில் அந்தப் படிப்புக்கான அட்மிஷன் ஃபார்மைக் காட்டி பாயிடம் கேட்டேன். "சேரட்டுமா பாய்?" வெடுக்கென்று சொன்னார்... "கம்மி."

நேற்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாபி ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டுமாம். கதவு மட்டும் திறந்திருந்தது.

"வலி ஜாஸ்தியா, கம்மியா?" என்று உள்ளே இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கம்மி...

பாபி வாசலிலிருந்து கத்தியிருக்கிறார். "ஐயோ, அவருக்கு அது ஒண்ணுதாங்க வரும்! பாக்கெட்ல அட்டை இருக்கு, பாருங்க!"

"பேஷண்டே சொல்றாரும்மா. நீங்க சும்மா இருங்க."

கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்வதற்குள் போய்விட்டார்.

கதவு எட்டும் தூரத்தில் மனைவி நிற்கிறார். சட்டைப்பையில் அட்டை இருக்கிறது. கை விட்டு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டெத் வைப்பதற்காக அந்தச் சட்டையைக் கழற்றி, மடித்து ஸ்டூலில் வைத்திருக்கிறார்கள்!

இன்று வீட்டுக்குப் போனேன். பாபி அட்டையை என் கையில் கொடுத்தார். "இழுத்துதாம்மா சொன்னாரு. ரொம்ப இழுத்து சொன்னாரு. எனக்கு வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

அப்பாவிடம் இனி இதைப் பற்றிப் பேச்சு இல்லை. ஃபார்மை அனுப்பிவிட்டேன்.

போய் வாருங்கள் பாய். என்னிடம் நீங்கள் இழுக்கவில்லை.