இருவாட்சிக்குத் திறந்த கண்

ஜெயபாலன் பொய் சொல்லக்கூடியவர். அதனால்தான் இந்தக் கதையை நம்பலாம். பொய் சொல்லிப் பழகியவர்கள் தங்களைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளத்தான் சொல்வார்கள். தன் மானம் போன கதையை யாரும் மெனக்கெட்டுக் கட்டுவதில்லை.

பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பட்டப்பகலில் நடந்தது. 1978 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு பத்துக்கும் நான்கு இருபத்தேழுக்கும் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு போட்டோக் கடையின் இருட்டறைக்குள். நேரத்தில் சந்தேகம் வேண்டாம். இருட்டறையில் வேலை செய்கிறவனுக்குக் கடிகாரம்தான் கண்.

கடை ஜெயபாலனுடையது. பலகையில் அவர் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. பட்டங்களைக் கொடுத்தது வெள்ளிச்சிறகு நிழற்பட மன்றம். மன்றத்தின் தலைவர் யார் என்றால், அவரேதான். மன்றத்தில் மொத்தம் பதினொரு பேர். வருஷா வருஷம் பறவைப் படப் போட்டி நடத்துவார்கள். கோலாலம்பூரிலிருந்து நடுவர் வருவார். ஆறு வருஷமாகத் தலைவருக்கு மட்டும் ஒரு பரிசும் விழவில்லை.

போன வருஷம் தங்கம் வாங்க இருந்தவர் முகமது இப்ராஹிம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர். மீன்கொத்தி படம். மீனின் வால் துடிப்பதுகூடத் தெரிந்தது. பறவையின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியை மட்டும் தூரிகையால் மறைத்திருந்தார். ஜெயபாலன் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார். மேடை ஏறி முக்கால் மணி நேரம் பேசினார். "இயற்கை என்பது சத்தியம். சத்தியத்தில் கை வைக்கிறவன் கலைஞனல்ல" என்றார். அன்றே விதி நான்கு எழுதப்பட்டது. உயிருள்ள பறவையாக இருக்க வேண்டும். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

இப்ராஹிம் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஜெயபாலனிடம் ஓர் இருவாட்சி இருந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். கொம்பு வைத்த மூக்கு, கறுத்த சிறகு, ராஜா மாதிரி ஒரு பறவை. "மூணு மணி நேரம் அசையாம காத்திருந்து எடுத்தேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதில் பாதி உண்மை. மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தது பறவை.

சுங்கை சிப்புட் பக்கத்து லாரிக்காரர் பத்துமலைதான் அதைக் கோணிச்சாக்கில் கொண்டுவந்தவர். மின்கம்பியில் அடிபட்டு விழுந்ததாம்.

"ஒங்களுக்கு ஆவும்லண்ணே?"

"வெளிய சொல்லாத, பத்து."

"செத்ததப் போயி யார்கிட்ட சொல்றது லா."

ஜெயபாலன் அதை ஒரு பழைய ரப்பர் பால்மரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். கிளையில் கம்பி வைத்துக் கட்டினார். ஒரே சிக்கல், கண். இமை மூடிவிட்டிருந்தது.

ஆனால் மூடிய கண்ணைத் திறப்பதில் பேராக் மாநிலத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அதுதான் அவர் பிழைப்பு. தோட்டத்துத் தொழிலாளிகள் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்வதில்லை. செத்த பிறகுதான் ஞாபகம் வரும். ஜெயபாலன் போய்ப் பிணத்தைப் படம் எடுப்பார். கடைக்கு வந்து நெகட்டிவில் இமை இருக்கும் இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவார். பென்சிலால் வெள்ளை வைப்பார், ஒளிப்புள்ளி வைப்பார். கண் திறந்துவிடும். வீட்டில் மாட்டிப் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள்.

செத்தவர் கண் எப்படி இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதற்காக ஒரு மாதிரி வைத்திருந்தார். 1961இல் ஐசி என்கிற அடையாள அட்டைப் படத்துக்கு வந்த பால்வெட்டுக்காரி ஒருத்தியின் கண். கண் கூசும் விளக்கு முன்னால் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேர் ஞாபகம் இல்லை. கேள்வி கேட்டால் அடுத்த நொடி பதில் சொல்லப்போகிற மாதிரி ஒரு கண். இடது கண் வெள்ளையில் எள்ளளவுக்கு ஒரு கரும்புள்ளி. அதையும் சேர்த்தே வரைவார். புள்ளி இருந்தால் உயிர் கூடும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

பதினேழு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர். ஆண், பெண், கிழவர், குமரி. எல்லாருக்கும் அந்த ஒரே கண். "எங்கப்பா பார்வை அப்படியே இருக்கு" என்று எல்லா வீட்டிலும் அழுதார்கள்.

இருவாட்சிக்கும் திறந்தார். பக்கவாட்டுப் படம், இடது கண் ஒன்றுதான். இந்த முறை வெள்ளை வேண்டாம், புள்ளி வேண்டாம் என்று கையை அடக்கி, கறுப்பு உருண்டையும் ஓர் ஒளியும் மட்டும் வைத்தார். சனிக்கிழமை ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு ஐந்து மணிக்குள் படம் கொடுத்தாக வேண்டும். இப்ராஹிம் கடை மாடியில்தான் வாங்குகிறார்கள்.

2.10. இருட்டறைக்குள் போனார். உள்தாழ்ப்பாள் போட்டார். சிவப்பு விளக்கு மட்டும். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. ஜன்னல் கிடையாது.

2.19. முதல் படம் கழுவும் மருந்துத் தட்டில் மிதந்தது. கறுப்பான இடங்கள் முதலில் எழும். சிறகு, வால், கண் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். வரவில்லை. கண் மட்டும் வந்தது. வெள்ளைத் தாளில், தனியாக, ஒரு கண். மெதுவாகத்தான் அதைச் சுற்றிப் பறவை வந்தது.

மருந்து பழசாகிவிட்டது என்று நினைத்தார். புதிதாகக் கரைத்தார்.

2.31. இரண்டாவது படம். கறுப்பு உருண்டையின் இரண்டு பக்கமும் வெள்ளை இருந்தது. பறவைக்கு அப்படி வெள்ளை தெரியாது. மனிதனுக்குத்தான் தெரியும். கைப்பழக்கம், தன்னை அறியாமல் வைத்துவிட்டது என்று நெகட்டிவை எடுத்துப் பார்த்தார்.

நெகட்டிவில் வெள்ளை இல்லை.

2.44. மூன்றாவது படம். வெள்ளை இருந்தது. வெள்ளையில் எள்ளளவுக்கு ஒரு புள்ளியும் இருந்தது.

தூசி என்று ஊதினார். துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி... மறுபடி... 3.30க்குள் ஒன்பது படம். ஒன்பதையும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். ஒன்பதிலும் புள்ளி, முதலில் இல்லாதிருந்த இரண்டிலும்கூட.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். முதல் படத்தில் கண் மருந்துத் தட்டைப் பார்த்தது. நான்காவதில் குழாயை. ஏழாவதில் கதவை.

ஒன்பதாவதில் அவரை.

வெளியே போய் ஒரு தேநீர் குடித்தால் சரியாகிவிடும் என்று தாழ்ப்பாளைப் பிடித்தார். அது நகரவில்லை. இரண்டு கையால் இழுத்தார். நகரவில்லை. இறுகிப்போன மாதிரி இல்லை. அதே தாழ்ப்பாளை இன்னொரு கையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது... அவர் பக்கத்திலிருந்தே.

வெள்ளை விளக்கைப் போட்டார். எரியவில்லை.

3.38. கதவைத் தட்டினார். மனைவி ராக்காயி வந்தாள்.

"என்னாங்க?"

"தாப்பா வர மாட்டேங்குது."

"உள்ள போட்டது நீங்கதான. நல்லா இழுங்க."

"இழுத்துட்டேன்."

அவள் போய் ஆளைக் கூட்டிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடை ஒன்றுதான்.

"ஜெயபாலண்ணே, இப்ராஹிம். இரும்புக்கடப்பாறை இருக்கு. ரெண்டு நெம்பு நெம்புனா கதவு வந்துரும். நெம்பவா?"

ஜெயபாலன் திரும்பிப் பார்த்தார். கயிற்றில் ஒன்பது இருவாட்சி. ஒன்பதுக்கும் மனிதக் கண். கதவு திறந்தால் இப்ராஹிம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"வேணாம். பேப்பர் தொறந்திருக்கு. வெளிச்சம் படக் கூடாது."

"குரல் ஒரு மாதிரி இருக்கேண்ணே."

"வேணாம்னு சொன்னேன்ல."

"சரி. இங்கதான் நிக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "உள்ள வேற யாரும் இருக்காங்களா?" என்றார் இப்ராஹிம்.

"ஏன்?"

"இல்ல... பொம்பள அழுவுற மாதிரி கேக்குது."

ஜெயபாலனுக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

3.57. படங்களைக் கிழித்துவிடலாம் என்று கயிற்றை நோக்கிப் போனார். ஈரப் படம் கீழ் ஓரத்தில்தான் சொட்டும். இவை கண்ணிலிருந்து சொட்டின.

டப்... டப்...

கை வைக்க முடியவில்லை.

4.10. மருந்தின் புளிப்பு வாடை அறையை நிறைத்தது. சட்டை நனைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தார். ஒன்பது கண்ணும் தரைக்கு இறங்கின.

4.16. கதவில் நகம் கீறும் சத்தம். உள்பக்கம்.

"யாரு?"

கீறல் நின்றது. பிறகு அவசரமாகக் கீறியது.

4.21. பெரிதாக்கும் கருவியின் விளக்கு தானாக எரிந்தது. கீழே பலகையில் பறவையின் பிம்பம் விழுந்தது. நெகட்டிவ் ஆனதால் கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக. நடுவில் கண்.

அது இமைத்தது.

ஒரு முறை.

படம் போனால் போட்டி போகும். மூன்று மணி நேரம் காத்திருந்த கதை போகும். ஆறு வருஷம் காத்திருந்த தங்கம் போகும். எல்லாம் அவருக்குத் தெரிந்தது.

கத்தியை எடுத்தார்.

நெகட்டிவை உருவினார். கண் இருந்த இடத்தில் முனையை வைத்தார்.

சுரண்டினார்.

க்ரீச்...

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

மறுபடி சுரண்டினார்.

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

4.25.

டக்.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

4.27க்கு வெளியே வந்து விழுந்தார். ராக்காயி தண்ணீர் தெளித்தாள். இப்ராஹிம் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். கதவு வழியாக வெளிச்சம் கயிற்றின் மேல் விழுந்தது. ஒன்பது படத்திலும் இருவாட்சி கண்ணை மூடியிருந்தது. கோணிச்சாக்கில் எப்படி வந்ததோ அப்படி. கால்களில் கட்டிய கம்பியும் பளிச்சென்று தெரிந்தது.

இப்ராஹிம் அதையெல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"செத்த எங்காங் லா இது" என்றார். அன்று அவர் ஆற்றிக் கொடுத்த தேநீரில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஐந்து மணிக்குப் படம் வாங்கி முடித்திருக்க வேண்டிய போட்டி, தலைவரின் உடல்நலம் கருதி ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. தலைவர் படம் கொடுக்கவில்லை. விதி நான்கைப் பற்றி அந்த வருஷம் யாரும் மேடையில் பேசவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் மருந்து வாடையில் தலை சுற்றிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஜெயபாலன் திங்கட்கிழமை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை 10.15க்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பேர் பாப்பா. சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா, கருப்பம்மாள். இதப் பெருசு பண்ணிக் குடுக்கணும்ணே. இங்க எடுத்ததுதான்."

அவர் படத்தைத் திருப்பி முத்திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும்.

"எப்பம்மா தவறுனாங்க?"

"ஞாயித்துக்கெழம."

"ஒடம்பு சரியில்லாம இருந்தாங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. பார்வைதான் இல்ல. இந்தப் படம் எடுத்த வருஷமே கொறைய ஆரம்பிச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சு. ஆஸ்பத்திரில பார்த்துட்டு கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க."

ஜெயபாலன் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆனா சும்மா இருக்காதுண்ணே. ரெண்டு மைல் கட்டை தள்ளி சன்னாசி மாமா வீட்டுல மருமவள அடிக்கிறாங்கன்னும். ஓடிப் போயிப் பார்த்தா நெசமாவே அடிச்சிக்கிட்டு இருப்பாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, செவுத்துலேர்ந்து பாக்குறேன்னும். யாராவது செத்த வீட்டுலதான் அதுக்குத் தெரியும். கண்ணில்லாத மனுஷி, என்னமோ ஒளறுதுன்னு விட்டுட்டோம்."

"ஞாயித்துக்கெழம என்னாச்சு?"

"மத்தியானச் சோறு தின்னுட்டு உக்காந்திருந்துச்சு. திடீர்னு, என்னைய இருட்டு ரூம்புல அடைச்சிட்டாங்கன்னு அழுவுது. செவப்பு வெளக்கு எரியுதாம். புளிச்ச தண்ணியில போட்டு முக்குறாங்களாம். கதவத் தொறங்க, கதவத் தொறங்கன்னு செவுத்தப் பிராண்டுது. நாலு பேரு புடிச்சும் அடங்கல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கடைசியா, ஒருத்தன் கத்தியால கண்ணச் சுரண்டுறான்டின்னுச்சு. இடது கண்ணப் பொத்திக்கிட்டு மூச்ச இழுத்துச்சு. அவ்வளவுதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து நாலு இருவத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்தாரு."

பாப்பா படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கண்ணு மட்டும் நல்லாத் தெரியணும்ணே. வீட்டுல மாட்டப் போறோம்."