நான் துடைத்த இருட்டு

செஞ்சி கடைத்தெருவில் ஒரு கலர் லேபில் இருபத்தாறு வருடம் டச்சப் வேலை பார்த்தேன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. மரு, தழும்பு, கருவளையம் எதுவானாலும் யாரையும் கேட்காமல் எடுத்துவிடுவேன். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலை எடுத்து மேலே ஒட்டினால் முடிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வேலை முடிந்ததும் கேமரா கார்டைக் காலி செய்து கொடுப்பது எங்கள் வழக்கம். போட்டோகிராபர் அப்படியே அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், அனந்தபுரத்து அறிவியல் டீச்சர் ஒருவர் கார்டு கொடுத்தார். கோட்டை மலைக்குப் பின்னால், விடிவதற்கு முன் அவரே எடுத்த வானம். மறுநாள் கண்காட்சி. ஒன்பதாவது படிக்கும் ஆறு பெண்கள் அந்தப் படத்தை வைத்துப் பேச ஒரு மாதமாகப் படிக்கிறார்கள் என்றார்.

திரையில் மாவு சிந்தினாற்போல் நட்சத்திரங்கள். நடுவே திட்டுத்திட்டாகக் கருப்பு. லென்ஸில் தூசு, பாவம் டீச்சர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சாப்பிடக்கூடப் போகாமல் பக்கத்து நட்சத்திரங்களை எடுத்து அடைத்தேன். பழைய படத்தின் மேலேயே சேவ் செய்து, கார்டையும் காலி செய்தேன்.

சாயங்காலம் வந்தவர் பிரிண்டை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கருப்பு எங்க?"

"தூசும்மா. சுத்தமா எடுத்துட்டேன்."

"தூசுதான். ஆனா அது வானத்துல இருக்குற தூசு. அதுக்குள்ளதான் புது நட்சத்திரம் பொறக்குது. பசங்க பேசப்போறதே அதப் பத்திதான்."

வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன். கார்டிலிருந்து படத்தை மீட்கப் பார்த்தேன், வரவில்லை. பிள்ளைகள் கண்காட்சிக்குப் போகவில்லை.

அடுத்த அமாவாசைக்கு நானும் டீச்சரோடு போனேன். கண் பழகப் பழகப் பால்வழி தெரிந்தது. நடுவில் அந்தக் கருப்பும் அமைதியாக இருந்தது. குளிர்ந்த தூசும் வாயுவும் தம் பாரத்திலேயே சுருங்கி, லட்சக்கணக்கான வருடம் கழித்து நட்சத்திரமாக எரியும் என்றார் டீச்சர். அதைத்தான் நான் ஒரு மத்தியானத்தில் அடைத்திருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

அன்று டீச்சர் மறுபடி எடுத்த படத்தை, இந்தமுறை எதிலும் கை வைக்காமல் பிரிண்ட் போட்டு, நானே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஆறு பேரும் படத்தின் இரண்டு பக்கமும் நின்று, கண்காட்சிக்காகப் படித்ததை என்னிடம் ஒரு வரி விடாமல் சொன்னார்கள்.

டச்சப்புக்குப் புதிதாக வருகிறவர்களே, அழிக்கும் முன் அது என்னவென்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காததால், அந்தப் பிள்ளைகளின் கண்காட்சிக்கு வந்த ஒரே ஆள் நான்தான்.