அத்தானின் நாக்கு

எங்கள் அத்தான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். அக்காவைக் கட்டிக்கொள்ள வந்த அன்றே எங்கள் வீட்டுத் தண்ணீரில் குறை கண்டுபிடித்தவர். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, எல்லார் முன்னாலும் ஒரு கை அள்ளிக் குடிப்பார். சாக்கடை வாடை நாக்கில் தட்டாவிட்டால் தொட்டி சுத்தம். தண்ணீரைச் சோதிக்கச் சுகாதாரத் துறை கொடுத்த தாள்களை, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டாக வைத்திருந்தார்.

அந்த வருஷ மழை வெள்ளம் வடிந்ததும் அவருக்கு ஒரே மவுசு. நகரத்துத் தொட்டிகளில் எல்லாம் சாக்கடை புகுந்திருந்தது. பாதி நகரம் கழிப்பறையிலும் மீதி அதன் கதவைத் தட்டிக்கொண்டும் இருந்தது. அத்தான் ஒன்பது நாள் சேற்றுத் தண்ணீரில் நின்றார். பத்தாம் நாள் காய்ச்சல். அக்கா கத்தியதைக் காதில் வாங்காமல் அன்றும் வேலைக்குப் போய்விட்டு வந்தார்.

மறுநாள் காலை அக்கா அவசரத்தில் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். நான் துப்பினேன். அத்தான் சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். டீயில் உப்பு என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“எனக்கு உப்பே தெரியல. நேத்து ஒரு தொட்டிய நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்டா,” என்றார்.

அந்தத் தொட்டி இருந்த கட்டடத்தில் இருபது வீடுகள். லிஃப்ட் மோட்டார் வெள்ளத்தோடு போய்விட்டது. காய்ச்சலோடு ஐந்து மாடி ஏறினார், நான் பின்னாலேயே போனேன். கதவு கதவாகத் தட்டி, தண்ணீரைக் குடிக்காதீர்கள், தப்பு என்னுடையது என்றார். வாங்கிய வசவை அச்சில் ஏற்ற முடியாது.

கடைசி வீட்டுப் பெண்ணின் தோளில் இரண்டு வயதுக் குழந்தை துவண்டு கிடந்தது. ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்காம்.

“நீங்க குடிச்சதப் பாத்துதானே நானும் குடுத்தேன்,” என்றாள்.

அத்தான் குழந்தையை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். நல்ல உடம்போடு இருந்த என்னால் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவரையும் சேர்த்தார்கள். அத்தானுக்கு எலிக்காய்ச்சல். குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிட்டது, சிறுநீர் போனால்தான் தைரியம் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அத்தான் கட்டிலில் கிடந்தபடி வருகிற போகிற எல்லாரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார். சாயங்காலம் ஊசி போட வந்த நர்ஸையும் விடவில்லை.

“குழந்த ஒண்ணுக்குப் போச்சாம்மா?”

“போயிருச்சு. என் மேலயே.”

அத்தான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார்.