சாவு அடியா, கல்யாண அடியா

பதினேழு வயதில் என்னை அழவைத்த ஆண் குரல் உண்மையில் ஒரு பெண்ணுடையது என்ற செய்தி, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் பெயர் தெரியாத அந்த மனிதரைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் எழுதிவிட்டேன். 'கருங்கல்லில் தேன் வழிவது போன்ற குரல்' என்று ஒன்றில் வரும். ஒரு கூட்டத்தில் அவருடைய தாடியைப் பற்றிக்கூடப் பேசினேன். தாடியை நான் பார்த்ததில்லை. அந்தக் குரலுக்குத் தாடி இல்லாமல் இருக்க முடியாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

பதுளையில் உயர்தரம் படித்தபோது பஜாரில் ஒரு கடையில் பதிவு செய்து வாங்கிய கேசட் அது. கடைக்காரர் அட்டையில் 'இங்கிலீஷ் 2' என்று மட்டும் எழுதித் தந்தார். படம் இல்லை, பெயர் இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறி, ஹல்துமுல்லைப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அப்போது கரண்ட் கிடையாது. அப்பாவின் டேப்ரெக்கார்டரில் பெட்டரி போட்டுக் கேட்டேன். என் துக்கம் அன்று தொடங்கியது.

மழையில் நனைந்த கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவர்போல ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று மூச்சு வாங்கி வரும். நான் அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். அக்கா கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை அடுப்பில் தள்ளிக்கொண்டிருப்பாள். என் கண்களிலிருந்து தாரை தாரையாக வழியும். குறிஞ்சி நிலத்தில் பிறந்தவன் நெய்தலின் இரங்கலில் கரைகிறேனே என்று, தமிழ்ப் பாடத்தில் படித்ததை வைத்து என்னை நானே மெச்சிக்கொள்வேன். காதல் தோல்வி ஏதும் இல்லை. தோற்பதற்கு முதலில் ஒரு காதல் வேண்டுமே.

ஒருநாள் டேப்ரெக்கார்டர் அந்த நாடாவை மென்று தின்றது. பரீட்சைப் பெறுபேறு அப்படி வந்ததற்கும் அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பிறகு பண்டாரவளை டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுத்தேன். மனைவியின் தம்பி ஒரு நாள் ஷேவ் செய்துகொண்டே ஏதோ மெட்டை முணுமுணுத்தார். என் மெட்டு! மச்சானிடமும் அதே கேசட் இருந்திருக்கிறது. கொழும்பிலிருந்து யாரோ அட்டைப் படத்தோடு வாங்கி வந்து கொடுத்தது. பிரிந்த உறவைக் கண்டவன்போல, "நீங்களும் அழுதீங்களா மச்சான்?" என்றேன்.

"அழுறதா? இதுக்கு நாங்க ஸ்கூல் ஹோல்ல பெஞ்சு உடைய ஆடினோம். அவ பாடுற வேகத்துக்கு எங்களால ஈடு குடுக்க முடியல."

அவ என்றார். ஆணா பெண்ணா என்பதுகூடப் பிடிபடாத செவி, பாவம் என்று மன்னித்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் வழக்கு. காதுகுத்தா, புதுமனையா, எங்கே சந்தித்தாலும் சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய்தா, பின் ஒரு வாய்தா. இந்தக் காலத்தில் போனில் தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஜெயித்துவிட்டதாக நினைப்பவன் சாட்சியைத் தேடிப் போவதில்லை. அவரும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் மச்சானின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அது சம்பந்தமாகப் பேச ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தோட்டத்திலிருந்து என் அக்காவும் வந்திருந்தாள். ரிசப்ஷனுக்கு என்ன பாட்டு போடுவது என்று பேச்சு வந்ததும் மச்சான் அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னார்.

"கல்யாண மண்டபத்துல ஒப்பாரி வைக்கப் போறீங்களா?" என்றேன்.

"வருஷக் கணக்கா இதே சண்ட" என்றாள் மணப்பெண். "இப்பவே போட்டுப் பாத்துருவோம். தோக்குறவங்க ரிசப்ஷன்ல மேடை ஏறி ஆடணும். தனியா."

"இவரு ஆடுனா மண்டபத்தையே மூடிருவாங்க" என்றாள் என் மனைவி.

நான் வாழ்நாளில் ஆடியதில்லை. மாடிப்படி இறங்குவதையே யோசித்துச் செய்கிறவன். வெலிமடையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் வரப்போகிற சொந்தங்களில் பாதிப் பேர் என் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள். மீதிப் பேர் படித்தவர்கள் சொல்லிக் கேட்டுச் சிரிக்கிறவர்கள். ஆனால் அந்தத் தாடிக்காரரைக் கைவிட மனம் வரவில்லை. சரி என்றேன்.

நீதிபதி என் மாமியார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே பாரபட்சம் இல்லை. தவிர, டவுனுக்கு வாக்கப்பட்டு வருமுன் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்தில் தப்பு மேளத்தின் சத்தம் கேட்டால் என்ன விசேஷம் என்று யாரும் ஓடிப்போய் விசாரிப்பதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மலையுச்சியில் கொழுந்து எடுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

பாட்டைப் போட்டார்கள். மெட்டு என்னுடையது, சொற்கள் என்னுடையவை. பாடியதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்.

மாமியார் பாதிகூடக் கேட்கவில்லை. "இதுல என்ன கேள்வி? கல்யாண அடிதான்."

வீடே சிரித்தது. மச்சான் போனில் பாடகியின் படத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மச்சான், தாடி எங்க?"

"நீங்க அப்புடி எதுலதான் கேட்டீங்க?" என்றாள் மனைவி.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அக்கா சொன்னாள்: "பெட்டரியில. அதுவும் செத்த பெட்டரியில."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் வீட்டில் பெட்டரிக்கு ஓர் உத்தியோக வரிசை உண்டு. புதியது, விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அப்பாவின் டோர்ச்சுக்கு. வெளிச்சம் மங்கியதும் செய்தி கேட்க ரேடியோவுக்கு. ரேடியோவும் கரகரத்து ஓய்ந்த பிறகு, பென்ஷன் வாங்கி என்னிடம் வரும். பெட்டரிக்கு உயிர் கொடுக்க மற்ற ஊர்களில் வெயிலில் காய வைப்பார்கள். எங்கள் ஊரில் பனிமூட்டம் விலகினால்தானே வெயில்? நான் அடுப்பு விளிம்பில் வரிசையாக வைத்துச் சூடு காட்டுவேன். சூடு இருக்கும்வரை கேசட் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. நடக்கும்.

நான் எழுந்து நின்றேன். "இதையே மெதுவாப் போட முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றாள் மணப்பெண். "இப்ப நாங்க எல்லாம் அப்படித்தானே மாமா கேக்குறோம். ஸ்லோ பண்ணி விட்டா சோகமா இருக்கும். அதுக்குன்னே ஆப் இருக்கு."

அவள் விரலால் கொஞ்சம் இழுத்தாள். இன்னும் கொஞ்சம். திடீரென்று அவர் வந்துவிட்டார். கருங்கல், தேன், தாடி, எல்லாம். நனைந்த கூடையோடு ஒவ்வொரு படியாக ஏறினார்.

சிரிப்பு நின்றது. பருப்பு ஊற்ற வந்த மச்சான் கரண்டியோடு அப்படியே நின்றார். பாட்டு முடிகிறவரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. மாமியாரின் கண் கலங்கியிருந்தது.

"இது தூக்கிட்டுப் போற அடி" என்றார் மெதுவாக. "பாவம், யாரு செத்தது?"

"இந்தச் சொல்லெல்லாம் இதுலயா இருந்துச்சு?" என்றார் மச்சான். "ஆடுன ஆட்டத்துல எனக்குக் காதுலயே விழலயே மச்சான்."

தீர்ப்பு வந்தது: "கல்யாண அடி நூறு இருக்கும். அழ வச்சது இதுதான். மாப்புள ஜெயிச்சாரு."

ரிசப்ஷன் அன்று பதுளை மண்டபத்தில் மச்சான் மேடை ஏறினார். மணப்பெண்ணின் பிடிவாதத்தால் என் வேகத்திலேயே பாட்டைப் போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் விழுந்த செருப்பைக் காலால் தேடுகிறவர்போல அவர் ஆடினார். முழுப் பாட்டுக்கும் ஆடினார். மண்டபம் விசிலடித்தது. அவருக்கு அடித்த விசில் என் காதில் எனக்கு அடித்ததாகவே விழுந்தது.

அதோடு முடியவில்லை. மாப்பிள்ளையின் தோழர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "அங்கிள், இத மொதல்ல ஸ்லோ பண்ணிக் கேட்டது நீங்களாமே?"

உலகம் இன்று செய்வதை ஹல்துமுல்லை லயத்து அடுப்படியில் அன்றே செய்தவன் என்று ஒப்புக்கொண்டேன். அடக்கமாகத்தான். பிறகு அடக்கம் கொஞ்சம் நழுவியது. அந்தப் பாட்டின் சோகத்தை வேகம் மூடி வைத்திருந்தது என்றும், அதைத் திறந்து பார்க்கிற மனம் எனக்கு அந்த வயதிலேயே வாய்த்திருந்தது என்றும் விளக்கினேன். "கேட்கக் கேட்க எனக்குக் கண்ணீர் நிக்காது. அதுக்கு எங்க அக்காவே சாட்சி" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

அக்கா ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீ பாட்டுக்கா தம்பி அழுத? அந்த மழையில கவ்வாத்துக் குச்சி ஒன்னுகூடக் காயலடா. ஒரே பொக. அடுப்பு ஊதுன நானுந்தான் அழுதேன். என்னை யாரும் வந்து கேக்கல."